வலையை அறுத்த கை



நான் தூத்துக்குடிக் கடற்கரையில் பிறந்தவன். வலை கிழிந்தால் ஒரு மீனவர் வீடு படும் பாட்டைக் கண்டு வளர்ந்தவன். பணி மாறுதலால் குஜராத்தின் சௌராட்டிரக் கடற்கரைக்கு வந்தேன். அங்கே ஒருநாள் வகுப்பில், மைக் பாண்டே 2000ஆம் ஆண்டில் உருவாக்கிய ‘ஷோர்ஸ் ஆஃப் சைலன்ஸ்’ என்னும் ஆவணப்படத்தைத் திரையிட்டேன்.

உலகின் மிகப் பெரிய மீன் திமிங்கலச் சுறா. 12 மீட்டருக்கு மேலும் வளரும். ஆயினும் மிதவை நுண்ணுயிர்களையும் சிறு மீன்களையும் வடிகட்டி உண்ணும் சாது அது. அந்நாளில் இக்கடற்கரையில் அதனைக் கொக்கியிட்டுக் கொன்றனர். ஈரலின் எண்ணெயைப் படகுகளுக்குப் பூசினர். இறைச்சியை ஏற்றுமதி செய்தனர். இக்கொடுமையை அப்படம் நாட்டின் கண்முன் நிறுத்தியது. 2001ஆம் ஆண்டில் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் திமிங்கலச் சுறா இடம்பெற்றது.

படம் முடிந்ததும் ஒரு மாணவி எழுந்து, “ஐயா, அது தானாக வந்து வலையில் சிக்கினால் என்ன செய்வார்கள்? வலையை அறுத்தால் மீனவருக்கு இழப்பல்லவா?” என்று வினவினாள். எனக்கு விடை தெரியவில்லை. என் தந்தையாரின் வலைதான் நினைவுக்கு வந்தது.

அடுத்த ஞாயிறு வெராவல் துறைமுகத்துக்குச் சென்றேன். முதிய மீனவர் ஒருவரிடம், எனக்குத் தெரிந்த இந்தியில் அதே வினாவைக் கேட்டேன். அவர் நீர் புகாத சிறிய ஒளிப்படக் கருவி ஒன்றை எடுத்துக் காட்டினார்.

“முன்பு இந்தக் கையில் கொக்கி இருந்தது. இப்போது மீன் சிக்கினால் வலையை அறுத்து விடுகிறோம். அதைப் படமெடுத்துக் காட்டினால் வனத்துறை வலைக்கு இழப்பீடு தருகிறது.”

“அன்றைய மீன்பாடு?”

“அது போனது போனதுதான்” என்றார். சற்று நேரம் கடலைப் பார்த்திருந்தவர் தொடர்ந்தார்: “மகள் பிரசவத்துக்குத் தாய்வீடு வருவதைப் போல இந்த மீன் நம் கரைக்கு வருகிறது என்று மொராரி பாபு எங்களுக்குச் சொன்னார். மகளுக்காக ஒருநாள் வருமானத்தை இழக்கமாட்டோமா? நாங்கள் அவளை ‘வ்ஹாலி’ என்கிறோம்.” வ்ஹாலி என்றால் அன்புக்குரியவள்.

மறுநாள் அந்த மாணவியிடம் அவர் கூறியதைச் சொன்னேன். அவள் நெடுநேரம் பேசவில்லை. படம் பார்த்த நாம் இரக்கப்பட்டோம்; அந்த இரக்கத்துக்கு விலை கொடுத்தவர் அம்மீனவர். இயற்கையைக் காக்கும் படம் பார்க்கும்போதெல்லாம், அதற்காகத் தம் பிழைப்பில் ஒரு பங்கை விட்டுக்கொடுப்பவர் யார் என்றும் எண்ணிப் பாருங்கள்.

சொற்பொருள்: சாது – தீங்கு செய்யாதது, மீன்பாடு – வலையில் கிடைத்த மீன், இழப்பீடு – இழப்புக்கு ஈடாகத் தரும் தொகை.

செய்து பார்க்க: உங்கள் குடியிருப்பில் வாழும் ஒரு பறவையை, அதன் கூட்டை நெருங்காமல், படமெடுங்கள். அதனைப் பற்றி ஐந்து தொடர்கள் எழுதுங்கள்.