முல்லையும் எருக்கும்

ஆவடி லோக்கலில் அம்பத்தூரை விட்டால் அடுத்தது திருமுல்லைவாயில். அந்த வழியாக எத்தனையோ ஆண்டுகள் போய்வந்தும் ஒருநாளும் அங்கே இறங்கியதில்லை. கார்த்திகையில், மழை விட்ட ஒரு காலை நேரத்தில் இறங்கினேன். 1856 ஜூலை 1 அன்று ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடுக்குப் புறப்பட்ட தென்னிந்தியாவின் முதல் ரயிலும் இந்த வழியாகத்தான் போயிருக்கிறது.

சி.டி.எச். ரோட்டில் லாரிகளின் இரைச்சல் காதை அடைத்தது. கோயில் தெருவுக்குள் திரும்பிக் கொஞ்ச தூரம் நடந்ததும் அது அடங்கிவிட்டது. கோபுர வாசலில் பூக்கட்டிக்கொண்டிருந்த ஒரு பெரியம்மாவிடம் ஒரு முழம் முல்லை வாங்கினேன். “இந்த ஊர் முல்லையாம்மா?” என்று கேட்டேன். “இங்க ஏது தம்பி முல்லை? எல்லாம் கோயம்பேட்டுலருந்துதான் வருது. உள்ள சாமிக்குன்னு ஒரு கொடி இருக்கு, அதைப் பாத்துட்டுப் போங்க” என்றார்.

இந்தப் பக்கத்து ஊர்ப்பெயர்களை வரிசையாகச் சொல்லிப் பார்த்தால் ஒரு காடு எழுந்து வரும். வேலங்காடு திருவேற்காடு, ஆலங்காடு திருவாலங்காடு, வேம்புக்கு வேப்பம்பட்டு, பருத்திக்குப் பருத்திப்பட்டு, முல்லைக்குத் திருமுல்லைவாயில். தெற்கே கூவம் ஓடுகிறது, வடக்கே கொசஸ்தலையாறு. இரண்டுக்கும் நடுவில் கிடப்பது கிழக்கே கடலை நோக்கி மெல்லச் சாயும் மேட்டு நிலம். வடகிழக்குப் பருவத்தில் பெய்வதை ஏரியில் தேக்கினால்தான் ஆண்டு முழுக்கத் தண்ணீர். மண் பல இடங்களில் சிவப்பு. பக்கத்து ஊர் செங்குன்றத்தின் பெயரே அதைச் சொல்லிவிடுகிறது. முன்பு இந்த வட்டாரமெல்லாம் புழற்கோட்டம், தொண்டை மண்டலத்தின் 24 கோட்டங்களில் ஒன்று.

தலபுராணக் கதை பலருக்கும் தெரிந்ததுதான். குரும்பர் தலைவர்களான ஓணனையும் வாணனையும் எதிர்த்துத் தொண்டைமான் படையோடு வருகிறான். அவனுடைய யானையின் காலில் முல்லைக்கொடி சுற்றிக்கொள்கிறது. வாளால் கொடியை வெட்டுகிறான். வெட்டிய இடத்தில் ரத்தம் பெருக, விலக்கிப் பார்த்தால் அடியில் லிங்கம். துடித்துப்போய் வாளைத் தன் கழுத்துக்கே திருப்புகிறான். சிவன் தடுத்து, துணைக்கு நந்தியை அனுப்புகிறார். போர் முடிகிறது. வெட்டுப்பட்ட இறைவனின் பெயர்தான் மாசிலாமணி, மாசில்லாத மணி.

கருவறைக்கு முன்னால் இந்தக் கதை பொருளாகவே நிற்கிறது. நந்தி சுவாமியைப் பார்க்காமல் கிழக்கே திரும்பியிருக்கிறது, போருக்குக் கிளம்புகிற கோலத்தில். காயம்பட்ட மேனி என்பதால் லிங்கத்தை ஆண்டு முழுக்கச் சந்தனத்தால் மூடி வைக்கிறார்கள். சித்திரைச் சதயத்தை ஒட்டித்தான் காப்பு களைந்த மேனியைக் காண முடியும். வாசலின் இரு பக்கமும் இரண்டு வெள்ளெருக்குத் தூண்கள். குரும்பர் கோட்டையிலிருந்து கொண்டுவந்தவை என்பது ஐதிகம். நாம் பார்க்கிற எருக்கு இடுப்பளவு இருக்கும், மிஞ்சினால் ஆளுயரம். எருக்கு தூணாகும் அளவுக்கு எத்தனை காலம் யார் கையும் படாமல் வளர்ந்திருக்க வேண்டும்! அந்தத் தூண்களை விட்டு நகர எனக்கு மனம் வரவில்லை.

கதையில் வருகிற செடிகளைக் கவனியுங்கள். முல்லை காட்டு நிலத்தின் பூ. தொல்காப்பியம் காட்டையும் காடு சார்ந்த இடத்தையும் அந்தப் பூவின் பெயரால்தான் அழைக்கிறது. அது மேய்ச்சல்காரர்களின் நிலம். குரும்பரும் ஆடு மேய்த்தவர்கள்தான். எருக்கு உழாத தரிசில் தானாக முளைப்பது. ஏரும் ஏரியும் கொண்டுவந்த அரசு, ஆட்டுமந்தைகள் திரிந்த காட்டுக்குள் நுழைந்த நாளின் நினைவு இந்தக் கதைக்குள் இருக்கிறது என்றே நான் நம்புகிறேன். பறம்பு மலையில் பாரி முல்லைக்குத் தேரைக் கொடுத்தான். இங்கே வந்த அரசன் வாளை உருவினான். உருவியது தவறு என்று இந்த ஊர் அன்றிலிருந்து சந்தனம் பூசி வருகிறது. வென்றவன் கட்டிய கோயிலில் தோற்றவர்களின் எருக்குக்கும் கருவறை வாசலிலேயே இடம் கிடைத்திருக்கிறது.

கதை நேற்று முளைத்ததல்ல. தொண்டைமான் யானையை முல்லைக்கொடி கட்டிப்போட்டதை எட்டாம் நூற்றாண்டில் சுந்தரரே இங்கே பாடியிருக்கிறார். திருவொற்றியூரை விட்டுப் போகமாட்டேன் என்று மனைவி சங்கிலியாருக்குக் கொடுத்த வாக்கை மீறி வெளியேறி, பார்வை இழந்து, அவர் வந்து நின்ற ஊர் இது. கண் தெரியாத மனிதரிடம் இந்த ஊர் முதலில் மணமாகத்தான் வந்து சேர்ந்திருக்கும். அடுத்து அவர் போன வெண்பாக்கத்தின் பழைய கோயில் 1944-ல் கட்டப்பட்ட பூண்டி நீர்த்தேக்கத்துக்குள் போய்விட்டது. இப்போது இருப்பது இடம் மாற்றிக் கட்டியது. அதனால் அவர் நின்ற இடத்திலேயே திருமுல்லைவாயிலில் நிற்க முடிவது எனக்குப் பெரிதாகப் பட்டது.

பிராகாரத்தைச் சுற்றிப் பின்பக்கம் வந்தால் கஜபிருஷ்ட விமானம். தூங்கானை மாடம் என்ற தமிழ்ப் பெயர்தான் எனக்குப் பிடிக்கும். பின்புறம் யானையின் முதுகுபோல வளைந்து இறங்கும். பாடியிலும் திருவேற்காட்டிலும்கூட இந்த அமைப்பு உண்டு, தொண்டை நாட்டுக்கு வழக்கமானதுதான். ஆனால் கொடியில் சிக்கிய யானையின் கதையைக் கேட்டுவிட்டு வந்து பார்க்கும்போது அது வேறாகத் தெரிகிறது. அம்பாள் கொடியிடை நாயகி. அவள் பெயரிலும் கொடி!

பெரியம்மா சொன்ன கொடி, கோயிலின் தல விருட்சம், கம்பிவேலிக்குள் இருந்தது. அதன் முன்னால் வெகுநேரம் நின்றேன். வேலிக்கு வெளியே இந்த நிலம் மாறிய கதை வேறு. 1955 ஜனவரியில் காங்கிரஸ் மாநாடு கூடி சோஷலிச பாணிச் சமுதாயத்துக்குத் தீர்மானம் போட்டது பக்கத்து ஆவடியில்தான். 1961-ல் அங்கே டாங்கித் தொழிற்சாலை வந்தது. 60-களில் அம்பத்தூர் எஸ்டேட் எழுந்தது. வேலை வந்தது, வீடுகள் வந்தன, காடு போயிற்று. மிஞ்சிய முல்லை இந்தக் கம்பிவேலிக்குள் இருக்கிறது.

திரும்ப ஸ்டேஷனுக்கு வந்தபோது லோக்கல் வர நேரம் இருந்தது. பிளாட்பாரம் முடிகிற இடத்தில், ஜல்லிக்கு நடுவே, இடுப்பளவில் ஓர் எருக்கு பூத்திருந்தது. நடுவயதுப் பெண் ஒருவர் பிள்ளையாருக்கு மாலை கட்ட அதன் மொட்டுகளைப் பறித்துப் பையில் போட்டுக்கொண்டிருந்தார். பால் வடிந்த விரல்களைப் புடவைத் தலைப்பில் துடைத்துக்கொண்டு, அடுத்த கிளையை வளைத்தார்.