ராஜா பேர் வாங்கிய நாவிதர்

தஞ்சாவூர் பெரிய கோயிலில் விமானத்தை அண்ணாந்து பார்த்துக் கழுத்து சுளுக்கித் திரும்புகிறோம். கொஞ்சம் குனிந்து கல்வெட்டையும் பாருங்க சார்! 1010-ல் முடிந்த கோயில். கட்டிய குஞ்சரமல்லனுக்கு 'ராஜராஜப் பெருந்தச்சன்' என்று பட்டம். சரி, கோயில் நாவிதருக்கு? அவரும் 'ராஜராஜப் பெருநாவிசன்'!

உக்ரைனில் கோவாலென்கோ என்றால் கொல்லர் மகன். அங்கே தொழிலோடு அப்பா வருவார். இங்கே ராஜாவே வருகிறார்!

ஊர் திரும்புமுன் சலூனில் உட்கார்ந்தபோது இதைச் சொன்னேன். கத்தி நின்றது.

"எங்காளு பேரு கோயில் கல்லுல இருக்கா? அப்பாவுக்கு என்ன தொழில்னு ஸ்கூல்ல கேட்டா எம்பையன் சொல்ல மாட்டேங்கிறான் சார்... நாளைக்கே கூட்டிட்டுப் போய்க் காட்டணும்."

சந்தோஷத்தில் என் இன்னொரு கன்னத்தை மறந்தேவிட்டார்!