வில்லும் நிறையும்

தேயிலைத் தோட்டப் பாதைகளில் ஓடும் எமது மலைத் துவிச்சக்கர வண்டிக்குச் சென்ற ஆண்டு ஒரு மாற்றஞ் செய்தோம். 120 மில்லிமீற்றர் அசையும் முன்கவையை அகற்றி, 140 மில்லிமீற்றர் அசைவதைப் பூட்டினோம். அதற்குமேல் சட்டத்தைச் செய்தோர் அனுமதிக்கவில்லை. மீறினால் வண்டியின் கழுத்தே முறியக்கூடும். பின்புறத்தில், காற்றடைத்த அதிர்வுதாங்கி இருந்த இடத்திற் சுருள்வில் அமர்ந்தது.

முன்புறம் உயரவே, தலைக்குழாய் ஏறத்தாழ ஒரு பாகை பின்சாய்ந்தது. இறக்கத்தில் வண்டி அடங்கி ஓடிற்று. ஏற்றத்திலோ முன்சில்லு அலைந்தது. அதனைப் பழகிக்கொண்டோம்.

சுருள்வில்லே எம்மைச் சோதித்தது. காற்றாயின் பம்பினாற் கூட்டலாம், குறைக்கலாம். வில்லையோ ஏறுவோரின் நிறையறிந்தே தேர்தல் வேண்டும். எமது நிறைக்கென இட்ட வில்லின்மீது மெலிந்த எம் மகன் ஏறினான். அது அமிழவே மறுத்தது. பள்ளமொன்றிற் பின்சில்லு துள்ளி அவனை வீழ்த்திற்று. முழங்கையிற் குருதி கண்டபோது எம் பெருமிதம் அடங்கியது.

“அப்பா, இது உங்களுக்கென்று செய்த வண்டி” என்றான்.

மறுவாரம் அவனுக்கேற்ற வில்லை வாங்கிப் பூட்டினோம். அவன் அமர்ந்ததும் அதிர்வுதாங்கி தன் அசைவில் 30 வீதமளவு அமிழ்ந்து நின்றது. அதுவே பொருத்தம்.

இன்று வண்டி அவனுடையது. நாம் பின்னே நடந்து வருகிறோம். அதிலும் ஒரு மகிழ்ச்சி உண்டு.