கினபாலுவின் சுமைதூக்கிகள்

மலேசியாவின் மிக உயர்ந்த மலையான கினபாலுவில், 4,095 மீட்டர் உயரத்து லோஸ் சிகரத்தைத் தரிசித்து இறங்கிய பின்னும் என் மனத்தை விட்டு அகலாதவர்கள், திம்போகோன் வாயிலிலிருந்து ஏறும் அந்தப் படிப்பாதையில், நெற்றியில் வார் மாட்டி, முதுகில் அரிசி மூட்டையும் எரிவாயு உருளையும் சுமந்து, நாம் மூச்சு வாங்கி நிற்கும் இடத்தில் ஒரு புன்னகையுடன் கடந்துபோகும் டூசுன் இனத்துச் சுமைதூக்கிகளே.

ஏற ஏற விருட்சங்கள் குறுகிப் பாசி போர்த்திய குள்ள மரங்களாகி, பிறகு அவையும் மறைந்து வெறும் பாறையே எஞ்சுகிறது. விடியலுக்கு வெகு முன்பே அதில் வெள்ளைக் கயிற்றைப் பற்றி ஏறுகையில் விரல்கள் மரத்துப்போகின்றன; கால் வைக்க வேண்டிய இடத்தை வழிகாட்டியின் விளக்கு காட்டிக்கொண்டே செல்கிறது.

1851-இல் இம்மலையேறிய ஹியூ லோ என்ற ஆங்கிலேயர் உச்சியை எட்டவில்லை. ஆயினும் சிகரம் அவர் பெயரையே தாங்கி நிற்கிறது. அவருக்கு வழிகாட்டி அழைத்துச் சென்ற உள்ளூர் ஜனங்களை எத்தனை பேர் ஸ்மரிக்கிறோம்? 2015 ஜூன் 5 அன்று பூகம்பத்தில் பாறைகள் சரிந்து பதினெட்டுப் பேர் மாண்டபோது, சிங்கப்பூர்ப் பள்ளிக் குழந்தைகளோடு இம்மலையின் வழிகாட்டிகளும் உயிர் நீத்தார்கள். எஞ்சிய வழிகாட்டிகளோ, மேலே சிக்கிய நூற்றுக்கும் மேற்பட்டோரை, தங்கள் பிராணனைப் பொருட்படுத்தாது கீழே கொண்டுவந்து சேர்த்தார்கள்.

கினபாலு ஏறச் செல்லும் நண்பர்களே, சிகரத்துப் பலகையருகே படம் எடுக்கையில் உங்கள் வழிகாட்டியையும் பக்கத்தில் நிறுத்திக்கொள்ளுங்கள்; அவர் பெயரையும் கேட்டுப் பதிவில் எழுதுங்கள்.