தொங்கும் சாடிக்கு ஒரு துணித்தாங்கி

"வன்னியில் தோட்டம் செய்தனான். இங்கே ஒரு மிளகாய்க் கன்று வைக்கவும் இடமில்லை, பிள்ளை" என்றார் கட்டுகஸ்தோட்டையில் வாடகை அறையில் வசிக்கும் அக்கா ஒருவர்.

"யன்னலுக்கு மேலே தொங்கவிடுவோம்" என்றேன். திறந்திருந்த பெட்டியில் ஒரு டெனிம் காற்சட்டை. "நல்ல தடித்த துணி, இதை வெட்டுவோமா அக்கா?" அவர் பேசவில்லை. அது 2009 இல் காணாமற்போன கணவருடையது. சமூகவியல் படித்த எனக்கு அன்று தலை குனிந்தது.

பிறகு குஷன் தைக்கும் கடையில் மிஞ்சிய துணி வாங்கினோம். இரண்டு யார் நீளம், நான்கு அங்குல அகலத்தில் இரண்டு துண்டுகள். நீளவாக்கில் நாலாக மடித்துத் தைத்தால் ஓரங்குலப் பட்டி. இரண்டையும் நடுவில் சிலுவையாக வைத்து, சதுரமாகவும் குறுக்காகவும் தைக்க வேண்டும். சாடியின் அடி அங்கேதான் அமரும். சாடியின் பாதி உயரத்தில் சுற்றுப்பட்டி ஒன்றை நான்கு பட்டிகளிலும் இணைத்தால் சாடி சரியாது. நான்கு முனைகளையும் இரும்பு வளையத்தில் மடித்துத் தையுங்கள். பருத்தி நூல் ஈரத்தில் உக்கும். நைலோன் நூலே நல்லது.

ஒரு லீற்றர் தண்ணீர் ஒரு கிலோ பாரம். ஆகவே முதலில் மண் நிரப்பிய தகரத்தை ஓரிரவு தொங்கவிட்டுப் பாருங்கள். சாடியை இறக்கித் தண்ணீர் ஊற்றி, வடிந்தபின் ஏற்றுங்கள். துணியும் உக்காது, டெங்கு நுளம்புக்கும் இடமிராது.

முதற்காயை அக்கா எனக்குத் தந்தார். காற்சட்டை பெட்டியிலேயே இருக்கிறது.