மூடாத மாப்ள... ஓடட்டும்!

கோரிப்பாளையத்தில் ஒரு மாடிப்படி. ஏறினால் எட்டு கம்ப்யூட்டர், ஒரு டேபிள் ஃபேன், ஒரு நீள நோட்டு. நோட்டில் பேர், ஊர், வந்த நேரம் எல்லாம் எழுதி, காலேஜ் ஐடி கார்டு ஜெராக்ஸைக் கொடுத்தால்தான் சீட். மணிக்கு 15 ரூபாய். 2008-ல் மதுரையில் படித்தவர்களுக்கு இதற்கு மேல் சொல்ல வேண்டாம். இப்போது படிப்பவர்களுக்காக: அதுக்குப் பேரு நெட் சென்டர்!

அந்த அக்டோபரில் என் ரூம்மேட் மூஞ்சி செத்துக் கிடந்தது. உசிலம்பட்டிப் பக்கத்துப் பையன். அவனோட அப்பா ஒரு மாட்டை வித்து செகண்ட் ஹேண்டில் ஒரு அசெம்பிள்டு கம்ப்யூட்டர் வாங்கிக் கொடுத்திருந்தார். யாரோ பென் டிரைவில் கொண்டுவந்த வைரஸ் புகுந்து, அது ஆன் ஆகும், நீலத் திரை காட்டும், மறுபடி ஆஃப் ஆகும். ப்ராஜெக்ட் கோடு மொத்தமும் அதுக்குள்ளே. பேக்கப்? அந்த வார்த்தையை நாங்கள் பரீட்சைப் பேப்பரில் மட்டுமே எழுதியிருந்தோம். ரிவ்யூவுக்கு நாலு நாள்.

"ஃபார்மட் அடிச்சிரலாமாடா?" என்று கேட்டவனை அவன் பார்த்த பார்வை இருக்கே... (கேட்டது நான்தான்.)

வழி சொன்னது ஒரு சீனியர். உபுண்டு லினக்ஸ் சிடி இருந்தால், கம்ப்யூட்டரில் எதையும் இன்ஸ்டால் பண்ணாமல் சிடியிலிருந்தே ஓட்டலாம். வைரஸ் பிடித்த விண்டோஸைத் தூங்கவிட்டு, ஹார்டு டிஸ்க்கைத் திறந்து ஃபைல்களை மட்டும் அள்ளிக்கொள்ளலாம். அப்போது உபுண்டுக்காரர்கள் கேட்டவர்களுக்கெல்லாம் தபாலில் இலவசமாக சிடி அனுப்பிக்கொண்டிருந்தார்கள். 2011-ல்தான் அதை நிறுத்தினார்கள். ஆனால் சிடி வந்து சேர வாரக்கணக்கில் ஆகும். எங்களிடம் இருந்தது நாலு நாள். ஆக, டவுன்லோட்தான். கிட்டத்தட்ட 700 எம்பி.

கணக்குப் போட்டுப் பாருங்கள். சென்டர் லைன் 256 கேபிபிஎஸ். மொத்த லைனும் நமக்கே கிடைத்தாலும் விநாடிக்கு 32 கேபி. 700 எம்பி இறங்க ஆறேகால் மணி நேரம். பகலில் எட்டுப் பேர் பங்கு போட்டால் விடிந்து, மறுநாளும் விடியும். நடுவில் அறுந்தால் மறுபடி பூஜ்ஜியத்திலிருந்து. டவுன்லோட் மேனேஜர் போடலாம் என்றால் சென்டர் மெஷினில் எதையும் இன்ஸ்டால் பண்ண முடியாது. ரீஸ்டார்ட் ஆனால் பழைய நிலைக்கே திரும்புகிற மாதிரி பூட்டி வைத்திருந்தார் அண்ணன்.

அந்த சீனியர் நோட்டின் கடைசிப் பக்கத்தில் ஒரு பெயர் எழுதிக் கொடுத்தார்: பிட்லெட். இன்ஸ்டால் கிடையாது, செட்டிங்ஸ் கிடையாது. பிரவுசரில் அந்தப் பக்கத்தைத் திறக்கணும், டோரன்ட் ஃபைலின் முகவரியை ஒட்டணும், எங்கே சேமிக்கணும் என்று காட்டணும். அவ்வளவுதான். ஜாவா ஆப்லெட் ஒன்று அந்த ஜன்னலுக்குள் ஓடும். ஜன்னலை மூடினால் எல்லாம் நிற்கும். கடன் வாங்கின 1 ஜிபி பென் டிரைவைச் செருகி ஆரம்பித்தோம்.

திரையில் 'டோரன்ட்' என்ற வார்த்தையைப் பார்த்ததும் அண்ணன் எழுந்து வந்துவிட்டார்.

"தம்பி, புதுப்படமா? போலீஸ் வந்தா நாந்தேன் கம்பி எண்ணணும்."

"இல்லண்ணே, லினக்ஸ்."

"அது யாரு படம்?"

விளக்க அரைமணி நேரம் ஆனது. அவர் பயந்ததில் தப்பில்லை. டோரன்ட் என்றாலே திருட்டுப்படம் என்று ஊரெல்லாம் பேச்சு. நாங்களும் உத்தமபுத்திரர்கள் இல்லை, அதை இங்கே மறைக்கப் போவதில்லை. ஆனால் 2001-ல் பிராம் கோஹன் என்ற அமெரிக்கர் பிட்டோரன்ட்டை எழுதியது பெரிய ஃபைலைப் பலரிடம் சேர்க்கிற சிக்கலைத் தீர்க்கத்தான். அண்ணனுக்கு நான் சொன்ன உதாரணம் இது. செமஸ்டருக்கு முந்தின நாள் ஒரே ஒரு சீனியர் நோட்ஸ். அறுபது பேர். எல்லாரும் அவர் பின்னாடி நின்றால் ஜெராக்ஸ் கடையிலேயே விடிந்துவிடும். அதற்குப் பதில் ஆளுக்கு ஒரு பக்கம் கொடுத்துவிட்டால்? என்னிடம் மூணாம் பக்கம், உன்னிடம் பத்தாம் பக்கம், மாற்றிக்கொள்வோம். யாரிடமும் அதிகம் இல்லாத பக்கத்தை முதலில் வாங்கணும், அது தொலைந்தால் எல்லாருக்கும் நஷ்டம். கொடுக்கிறவனுக்கே மற்றவர்களும் கொடுப்பார்கள். பக்கத்துக்குப் பக்கம் ஒரு அடையாள எண் உண்டு, பொருந்தாத பக்கம் குப்பைக்கு.

"அப்ப நீ எறக்கும்போதே இங்கிருந்து வெளியயும் போகுதா?" என்றார். பயங்கர ஷார்ப்! ராத்திரி தங்கிக்கொள்ள ஐம்பது ரூபாய் பேசி முடித்தோம். பதினோரு மணிக்கு ஷட்டரைப் பாதி இறக்கி, கல்லா மேஜைக்குப் பின்னால் பாயை விரித்தார்.

மூணு மணிக்கு 61 சதவீதம். டப்! கரண்ட் போச்சு.

2008 தமிழ்நாடு ஞாபகம் இருக்கிறவர்களுக்கு அந்த இருட்டு தெரியும். ரூம்மேட் ஒரு வார்த்தை பேசவில்லை. பென் டிரைவைக் கழற்றிக் கையில் பொத்தி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான், குஞ்சுப் பறவையைப் பிடித்த மாதிரி. நாலு மணிக்கு வெளிச்சம் வந்தது. அதே பக்கம், அதே முகவரி, அதே பென் டிரைவ். இறங்கியிருந்த ஒவ்வொரு துண்டையும் அது சரிபார்த்தது. எங்கே விட்டதோ அங்கேயிருந்து நகர ஆரம்பித்தது. அறுபத்தொண்ணு, அறுபத்திரண்டு... சத்தியமாகச் சொல்கிறேன், எந்தப் படத்தின் இன்டர்வெல் பிளாக்குக்கும் நான் அப்படி விசில் அடித்ததில்லை. அண்ணன் எழுந்து திட்டினார்.

ஆறே முக்காலுக்கு நூறு சதவீதம். நான் மவுஸைப் பிடித்து ஜன்னலின் மூலைக்குக் கொண்டு போனேன்.

"மூடாத மாப்ள... ஓடட்டும்."

திரையில் சின்ன எழுத்தில் இருந்ததைக் காட்டினான். வாங்கினது 700 எம்பி. கொடுத்தது 112. "எவனோ நமக்காக இந்நேரம் வரைக்கும் மூடாம உக்காந்திருக்கான்ல?"

"டேய், அவன் வீட்டுல அன்லிமிடெட் வெச்சிருப்பான். இங்க மணிக்குப் பதினஞ்சு ரூவா. பசிக்குது, வா."

அவன் பையில் கைவிட்டான். இருந்தது நாற்பத்தி சொச்சம். சிடி ரைட் பண்ண 25 போக, மிச்சத்தில் 15-ஐ அண்ணன் மேஜையில் வைத்தான். எங்கள் ரெண்டு பேர் டிபன் காசு அது. எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அவனோடு பேசாமல் படியில் போய் உட்கார்ந்துகொண்டேன். ஒரு மணி நேரம் அவன் திரையையே பார்த்தபடி இருந்தான். சாட் பண்ண வந்த ஒருவர் "நெட்டு ஸ்லோவா இருக்கே" என்று சத்தம் போட, அண்ணன் நிறுத்தச் சொன்னார். அப்போது 160 எம்பி. கொடுத்தது வாங்கினதில் கால் பங்குகூட இல்லை.

சிடி வேலை செய்தது. கோடு மொத்தமும் பத்திரமாக வந்தது. ரிவ்யூவில் வெளியே இருந்து வந்த சார், "பேக்கப் எப்படி எடுப்பீங்க?" என்று கேட்டார். அவன் சிரித்துவிட்டான். ரெண்டு மார்க் போச்சு.

அந்த மாதிரி ஜாவா ஆப்லெட்டுகளுக்கு இப்போது பிரவுசரில் இடமில்லை. 2015-ல் குரோமும் 2017-ல் ஃபயர்ஃபாக்ஸும் கதவைச் சாத்தின. பிரவுசருக்குள்ளேயே டோரன்ட் ஓட வெப்டோரன்ட் என்று வேறொன்று வந்தது, அதற்கு ஜாவா வேண்டாம். 2012-ல் சென்னை உயர் நீதிமன்றத்தில் படத் தயாரிப்பாளர்கள் வாங்கிய தடை உத்தரவைக் காட்டி, இன்டர்நெட் கம்பெனிகள் முழுசு முழுசாகத் தளங்களை மூடின. அதில் ஒரு பாவமும் அறியாத விமியோவும் சிக்கியது. குறிப்பிட்ட பக்கங்களை மட்டும் மூடினால் போதும் என்று கோர்ட்டே பிறகு சொல்ல வேண்டி வந்தது. கோரிப்பாளையத்து அண்ணன் அன்றைக்குக் கேட்ட கேள்வியைத்தான் பெரிய இடத்திலும் கேட்டார்கள்: 'புதுப்படமா?'

இப்போது என் வீட்டில் ஃபைபர். உபுண்டு ஃபைலும் 5 ஜிபியைத் தாண்டிவிட்டது. இறக்கி முடித்ததும் மூடாமல் விட்டுவிட்டுத் தூங்கப் போகிறேன், எனக்கு ஒரு பைசா செலவில்லை. போன வாரம் ரூம்மேட் வந்திருந்தான். ஸ்க்ரீனைப் பார்த்தான். கொடுத்த கணக்கு வாங்கினதைப் போல மூணு மடங்கு.

"பரவால்லயே! சரி, என் டிபன் காசுல பாதி, ஏழு ரூவா அம்பது காசு, எப்படா தருவ?" என்றான்.

"டேய், உன் காசைத்தானடா நீ வெச்ச?"

"ஆமா. ஆனா அன்னிக்கு நீயும் பாதி போட்டிருக்கணும்ல?"

ஜிபேயில் அனுப்பினேன். வாங்கிக்கொண்டான்.