தாயை எடு, குட்டியை விடு

ஏப்ரல் 3

முயல்குட்டியை எத்தனையாவது நாளில் பால் மறக்கச் செய்வது என்று கேட்டால் 28, 35, 42 என்று ஆளுக்கொரு எண் சொல்வார்கள். எந்த எண்ணும் தவறில்லை. எந்த ஊரில் கணக்கிட்ட எண் என்பதைத்தான் யாரும் சொல்வதில்லை. கொடைக்கானல் மலையில் மன்னவனூர் சுமார் 2,000 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. மத்திய செம்மறி ஆடு, உரோம ஆராய்ச்சி நிறுவனத்தின் தென்மண்டல மையம் அங்கே 1965 முதல் இயங்குகிறது. அதற்கப்பால் பூண்டி, கிளாவரை. மலையைத் தாண்டினால் இடுக்கியின் வட்டவடை. அந்த மையத்தின் ஒயிட் ஜெயன்ட், சோவியத் சின்சில்லா முயல்களைத் தமிழக, கேரள வளர்ப்போர் வாங்கிப்போகிறார்கள். கூடவே மலையின் நாள்கணக்கும் கீழே இறங்கிவிடுகிறது. பாலக்காட்டுச் சித்தூர், கொழிஞ்சாம்பாறைப் பக்கம் இந்த மாதத்தில் வெயில் 40 டிகிரியை ஒட்டி நிற்கும். 30 டிகிரிக்கு மேலே போனாலே முயலுக்குத் தீனி குறையும். தீனி குறைந்தால் பால் குறையும். அங்கே 30 நாள் ஆன குட்டியும் வட்டவடையில் 30 நாள் ஆன குட்டியும் வயதில்தான் ஒன்று, எடையில் இல்லை. எனவே தேதியை வைத்துப் பிரிப்பதைவிட, குட்டி தானாகத் தின்கிறதா, புழுக்கை உருண்டையாக இருக்கிறதா என்று பார்த்துப் பிரிப்பதே சரி.

ஏப்ரல் 4

தேதியைப் பார்க்காமல் குட்டியைப் பார்த்துப் பிரிக்கச் சொல்வதன் காரணம் அதன் வயிற்றுக்குள் இருக்கிறது. தாய்க்குப் பால் மூன்றாவது வாரத்தில் உச்சத்துக்குப் போய், பிறகு இறங்கும். ஏறக்குறைய அதே நாள்களில்தான் குட்டியும் பெட்டியை விட்டு வெளியே வந்து தீனியைக் கொறிக்கத் தொடங்குகிறது. பால் குடிக்கும் குட்டியின் இரைப்பையில் அமிலம் குறைவு. பாலிலிருந்து உண்டாகும் ஒருவகைக் கொழுப்பு அமிலங்களே கிருமியை அடக்கிவைக்கின்றன. பால் நின்றதும் அந்தக் காவல் போய்விடும், சொந்த அமிலமோ இன்னும் முழுதாகச் சுரந்திருக்காது. இந்த இடைவெளியில்தான் கழிச்சல் வந்து குட்டிகள் வரிசையாகச் சாகின்றன. பால் நிறுத்திய அதே நாளில் கூண்டையும் தீவனத்தையும் மாற்றி, சந்தைக்கும் தூக்கிக்கொண்டு போனால் குட்டி என்ன செய்யும்? ஆகவே எடுக்க வேண்டியது தாயைத்தான். குட்டிகள் பழகிய கூண்டில், பழகிய தீவனத்தோடு, ஒரு வாரமாவது ஒன்றாகவே இருக்கட்டும்.

தாய் இல்லாமல் குட்டி ஏங்காதா என்று சிலர் கேட்பார்கள். கைப்பிள்ளைக்குப் பால் மறக்க வேப்பெண்ணெய் தடவிய வழக்கம் நம் நினைவில் இருப்பதால் வரும் கேள்வி அது. முயல் தாய் பெரும்பாலும் நாளுக்கு ஒரே ஒரு முறை, மூன்று நான்கு நிமிடம்தான் பால் கொடுக்கும். மற்ற நேரம் குட்டிகள் பக்கமே போகாது.

இன்னொரு மறுப்பு கனமானது: 28 நாளில் பிரித்தால்தானே வருடத்துக்கு இரண்டு ஈற்று கூடும்? ஈன்ற கையோடு இணைசேர்த்த தாய் 31 நாளில் மறுபடி ஈனும் என்பதால், அங்கே முன்கூட்டியே பிரித்துத்தான் ஆக வேண்டும். ஆனால் அது முழுக்கக் குருணைத் தீவனம் போடும் பண்ணைக் கணக்கு. முருக்கிலையும் வேலிமசாலும் புல்லும் பாதி வயிற்றை நிரப்பும் வீட்டுக் கொட்டகையில் ஐந்தாவது வாரம்வரை, குட்டி மெலிந்திருந்தால் ஆறாவது வாரம்வரை பொறுப்பதே லாபம். கூடுதலாக ஓர் ஈற்று எடுத்து, அதில் பாதியைக் கழிச்சலுக்குக் கொடுத்தால் கணக்கு நேராகாது.

ஏப்ரல் 6

பிரித்தபின் தாயை எல்லோரும் மறந்துவிடுகிறார்கள். பால் கொடுக்கும்போது போட்ட அடர்தீவனத்தை அப்படியே தொடர்ந்தால், குடிக்க ஆளில்லாத பால் மடியில் கட்டிக்கொள்ளும். மடி சூடாகி, இறுகி, நீலம் பாய்ந்துவிட்டால் அந்தத் தாயைத் தேற்றுவது கடினம். இதற்குப் பயந்து தீனியையும் தண்ணீரையும் அடியோடு நிறுத்துகிறவர்களும் உண்டு. மாட்டுக்குப் பால் வற்றவைக்கும் பழக்கம் அது, முயலுக்கு ஆகாது. முயலின் குடல் நார் ஓடிக்கொண்டே இருந்தால்தான் அசையும். நாள் முழுக்கப் பட்டினி போட்டால் குடல் நின்றுவிடும். பாலக்காட்டு வெயிலில் தண்ணீரை எடுப்பது கொலைதான். அடர்தீவனத்தை மட்டும் மூன்று நான்கு நாளைக்குப் பாதிக்கும் கீழே குறைத்து, காய்ந்த புல்லை அளவில்லாமல் போட்டாலே மடி வற்றிவிடும்.

அதன் பிறகு கையைக் கேட்க வேண்டும். முதுகெலும்பைத் தடவிப் பார்த்தால் முள் முள்ளாகக் குத்துகிறதா? தீவனத்தைச் சிறிது சிறிதாக ஏற்றி, உடம்பு தேறியபின் இணைசேர்க்கலாம். எலும்பே கைக்குத் தட்டுப்படவில்லையா? கொழுத்த முயல் எளிதில் சினை பிடிக்காது, புல்லோடு நிறுத்தலாம். ஏற்கெனவே சினையாக இருக்கும் தாய்க்கு அடர்தீவனக் குறைப்பு கூடவே கூடாது. அதற்குப் பால்மடி வற்றும்போதே வயிற்றுக்குள் அடுத்த ஈற்று வளர்ந்துகொண்டிருக்கிறது.

இடுக்கிப் பக்கத்துக்கு இன்னொன்று. ஜூன் மழையில் ஈரத்தோடு அறுத்த தழையைக் கொட்டகையில் பரப்பி வாடவிட்டுத்தான் போட வேண்டும். கடலைப் பிண்ணாக்கில் பூஞ்சை வாடை லேசாக அடித்தாலும் தூர எறிந்துவிட வேண்டும். பூஞ்சை நஞ்சைத் தாங்காத பிராணிகளில் முயலுக்கு முன்வரிசை. இளைத்த தாயைத் தேற்றப் பிண்ணாக்கைக் கூட்டிப் போடுவதும் அந்த மழை மாதங்களில்தான்.